டயருக்குள் பனியன் துணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டு வந்தேன். அடுத்தவர் கஷ்டத்தை எழுதிச் சிரிக்க வைத்தால் பாவமாகிவிடுமோ என்ற பயம். போன கிருத்திகைக்குக் கோயிலில் நின்று முருகனிடமே கேட்டுவிட்டேன். அவன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இந்தப் பூமியில் ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரத்தை எங்கள் காத்துக்காரர் அளவுக்குப் பாடாய்ப் படுத்திய மனிதர் பிறந்ததில்லை. இனியும் பிறக்க வேண்டாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. அருள்புரத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் வரிசை வீடுகள். நான் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறவன். பக்கத்து வீட்டில் அவர், ஓவர்லாக் மிஷினில் பனியன் தைக்கும் டெய்லர். வண்டியைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிப் போகச் சொன்னால் முகம் சிவந்துவிடும்.

“எரவல் காத்துல நான் ஓட்டறதில்லீங்ணா. என்ற சக்கரத்துக்கு என்ற காத்துதான்.”

பெயர் வந்த கதை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பும்போது அவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். டயரை நெம்ப லீவர் கிடையாது, இரண்டு கரண்டிக் காம்புதான். டயரை ஒரு பக்கம் ரிம்முக்குள் தள்ளினால் மறுபக்கம் எகிறும். மேலே ஏறி நின்று குதிப்பார். காவடி எடுத்தவர்கூட அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. கடைசியில் கரண்டி டியூபைக் கடித்துவிடும். ஒரு ஓட்டையை அடைக்க உட்கார்ந்தவர் மூன்று ஓட்டையோடு எழுந்திருப்பார். திரும்பி வந்து நான் விபூதி நீட்டினால் முதலில் டயருக்குப் பூசிவிட்டுத்தான் தன் நெற்றிக்கு.

அவர் மனைவி சரோஜா கரண்டிகள் வளைந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் எங்கள் பக்கம் குழாயில் நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். அப்படி வந்த தண்ணீரை அவள் டிரம்மில் பிடித்து வைத்த அன்று, ஓட்டை எங்கே என்று பார்க்க இவர் டியூபை அதிலேயே முக்கிவிட்டார். குமிழி குமிழியாய் வந்தது.

“கண்டுபுடிச்சுட்டன் அம்மிணி!” என்று கூவினார்.

சரோஜா துணிப்பையை எடுத்தாள். “பஞ்சராகாத வண்டியில வந்து கூப்புடுங்க, வர்றன். அது வரைக்கும் எங்கம்மா ஊட்டுல இருந்துக்கறன்” என்று மங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் அடுப்பே மூட்டவில்லை. என் சம்சாரம் கொடுத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. அடுத்த ஞாயிறு புது டயரும் புது டியூபும் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்தார். முருகா, இந்த ஒரு சக்கரத்தையாவது காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். புது டியூபையும் கரண்டி கடித்தது.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் திடீரென எழுந்துபோய்க் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கொண்டுவந்தார். பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி. அதை முறுக்கி முறுக்கி டயருக்குள் திணித்தார்.

“என்ன தம்பி இது?”

“காத்து இருந்தாத்தானுங்ணா பஞ்சராகும்? நீங்களும் வாங்க. நீங்க சொன்னா அவ கேப்பா.”

பின்னால் உட்கார்ந்தேன். சக்கரம் உருளவில்லை, நொண்டியது. என் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே முருகனைக் கூப்பிட்டது. பாதி வழியில் மழை. உள்ளிருந்த துணியெல்லாம் தண்ணீரைக் குடித்து வண்டி கனத்தது. ரிம் ஓரத்தில் ரோஸ் கலர்த் துணி ஒன்று நாக்கை நீட்டியது, பிறகு செயினில் சுற்றிக்கொண்டது. எதிரே வந்த டெம்போக்காரர் நிறுத்திப் பார்த்தார்.

“ஏனுங்க, வண்டிக்குக் குடல் சரிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க!”

தள்ளிக்கொண்டே மங்கலம் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரெல்லாம் ஓடும் தறிச் சத்தத்தையும் மீறி நாங்கள் வந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். சரோஜா வெளியே வந்தாள்.

“பஞ்சருங்களா?”

“இல்லவே இல்ல அம்மிணி. காத்தே இல்ல.”

அவள் குனிந்து அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். ரோஸ், பச்சை, கோடு போட்டது என்று வந்துகொண்டே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு டயரைக்கூட எனக்கு மாட்டத் தெரியல அம்மிணி. நீ இல்லாத ஊட்டுல சோறு எறங்க மாட்டீங்குது” என்று வாய்விட்டு அழுதார்.

அவளிடம் பேச வந்த நான் சாயப்போன வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சரோஜா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். கரண்டி கிழித்து ரத்தம் உறைந்திருந்தது. “எந்திரிங்க. கையக் கழுவுங்க. வர்றன். ஆனா பஸ்ஸுல.”

அவர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிறும் வாசலில் சக்கரம் கிடந்தது. எதிர்ப்பக்கம் டயர் எகிறாமல் சரோஜா முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்படியும் டியூப் கடிபட்டது.

இப்போது இந்தக் கதையை ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். டயருக்குள் பழைய சேலையாம், சாக்காம், வைக்கோலாம். நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பனியன் துணிவரைக்கும் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த மனிதர் சேற்றில் உட்கார்ந்து அழுததையும் தயவு செய்து சேர்த்தே சொல்லுங்கள்.