கார்ப்பெட் அறையில் ஒரு மத்தியானத் தூக்கம்

எங்கள் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போடக்கூடாது என்று நான் சபதம் எடுத்ததற்கு ஒரே காரணம், பக்கத்து வீட்டு உமாசங்கர் டைல்ஸ் போட்டதுதான்.

இதை வெளியே சொல்ல முடியுமா? "மொசைக்குக்கு என்ன குறை? நம்ம காலத்துக்கும் தாங்கும்" என்றேன். என் மனைவி மாளவிகா தரையைப் பார்த்தாள். ஜன்னலோரம் ஆரம்பித்த வெடிப்பு கட்டில்வரை வந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டில் எதை முதலில் மாற்றுவது என்று யோசிப்பது போலிருந்தது.

உமாசங்கருக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. எங்களைப் போலவே நாகர்கோவில் பக்கத்துக்காரன். அவன் மனைவி ஆதிராவுக்குப் பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவாள். மற்ற நாளெல்லாம் சமையல், துணி, வீடு துடைப்பது எல்லாம் அவனே. நாங்கள் குடியிருக்கும் கரமனையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். அதைத் தாண்டி அவனுடைய நற்குணங்கள் தினமும் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன.

"உமா தம்பி வீட்டுத் தரையைப் பாத்தீங்களா? குனிஞ்சு பாத்துப் பொட்டு வைக்கலாம்."

"உமா தம்பி மாடியில கோவைக்கா காய்ச்சுக் கெடக்கு."

"உமா தம்பிக்கு பிரமோஷனாம். ஒரு அலட்டல் உண்டா, பாருங்க."

தம்பி என்றுதான் சொல்கிறாள். எனக்கும் காது இருக்கிறது. ஆனால் பொறாமை உறவுமுறை விசாரித்துவிட்டு வருவதில்லை. கனடாவில் வருஷக்கணக்காகப் பனி அள்ளிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பிய ஒருவன், பக்கத்து வீட்டுக் கோவைக்காயைப் பார்த்து வயிறெரிவது பெருமைக்குரிய விஷயமல்ல. எரிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். டைல்ஸைத் தோற்கடிக்கக்கூடிய ஒன்று வேண்டும். உமாசங்கர் வீட்டில் இல்லாதது. மாளவிகா வாய் நிறைய என் பெயரைச் சொல்ல வைப்பது. படுக்கையறைக்குச் சுவரோடு சுவராகக் கார்ப்பெட்.

"கனடாவில எல்லா வீட்டிலயும் இதுதானே போட்டிருந்தோம்" என்றேன்.

"அங்க சரி. இங்க மழைக்காலம் வருதுல்லா?"

"கார்ப்பெட்டை முற்றத்திலயா விரிக்கப்போறேன்?"

"வெள்ளிக்கிழமை வீடு கழுவித் துடைக்கணுமே. இத எப்பிடிக் கழுவ?"

"அதுக்கு மெஷின் இருக்கு."

"பின்னே சரி. உங்க இஷ்டம்."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் 'உங்க இஷ்டம்' என்று சொன்ன எந்தக் காரியமும் என் இஷ்டப்படி முடிந்ததில்லை.

கடைக்காரர்கள் வந்தார்கள். டப்பா டப்பாவாகப் பசையைக் கொட்டி மொசைக்கின் மேல் தேய்த்து, கருநீலத்தில் கார்ப்பெட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்தினோம். செருப்புக் கடைக்குள் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது போல ஒரு வாடை எழுந்தது. எழுந்ததோடு சரி, வெளியே போகவில்லை.

"கண்ணு எரியுது" என்றாள்.

"புதுசுன்னா அப்பிடித்தான் மணக்கும்."

"தலையும் வலிக்கு."

"சந்தோஷத்துல இருக்கும்."

அவள் வாதாடவில்லை. உமாசங்கரைக் கூட்டிவந்தாள். அவன் கையில் சோப்புப் பெட்டி போல ஒரு கருவி. அறைக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்குமாம். வைத்ததுமே சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சி, இது பசையில இருந்து வர்ற ஆவியாக்கும். புதுக் கார்ப்பெட்டும் கொஞ்ச நாளைக்கு விடும். ஜன்னலைத் தொறந்து போட்டா சாரமில்ல, சரியாப் போயிரும்" என்றான். பணிவாகச் சொன்னான். பணிவுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாளவிகா அவனுக்குக் காப்பி கொடுத்தாள். கல்யாணச் சீரில் வந்த, அடியில் என் பெயர் வெட்டிய டம்ளரில். அவன் அண்ணாந்து குடிக்கும்போது என் பெயர் எனக்கே தலைகீழாகத் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாடையை அமுக்க அறை முழுக்கச் சாம்பிராணி போட்டேன். தெய்வீகமாக மணந்தது. உமாசங்கர் கருவியோடு வந்தான். அது முந்தைய நாள் காட்டாத எண்களையெல்லாம் காட்டியது. "அண்ணாச்சி, அது ஆவி. இது புகை. இப்ப ரெண்டும் இருக்கு" என்றான். மறுபடியும் காப்பி. மறுபடியும் என் டம்ளர்.

ஞாயிற்றுக்கிழமை மாளவிகா காய் வாங்கப் போன நேரம் பார்த்து, தூறலைப் பொருட்படுத்தாமல் ஜன்னல்களை விரியத் திறந்து, ஹாலில் இருந்த டேபிள் ஃபேனையும் தூக்கிவந்து ஓடவிட்டேன். அவள் வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் சாத்தி, நானே போய் உமாசங்கரை அழைத்துவந்தேன். பச்சை விளக்கு. பச்சைப் பசேலென்று.

"பாத்தியா?" என்றேன். உமாசங்கர் நனைந்து தொங்கிய திரையைப் பார்த்தான்.

"அப்ப எனக்குத்தான் பிரமை" என்றாள் மாளவிகா. "நல்லதாப் போச்சு. சாப்பிட்டுட்டு கதவு ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே படுங்க. நானும் தம்பியும் ஹால்ல இருக்கோம். நீங்க சுகமாத் தூங்கி எழும்பினா, வாடைன்னு இனி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுக்க முடியுமா? படுத்தேன். கொஞ்ச நேரத்தில் பசை தன் வேலையை ஆரம்பித்தது. மூக்கு எரிந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஹாலில் மாளவிகா சிரித்தாள்.

எழுந்து கதவில் காது வைத்தேன்.

"இது நல்லாருக்கா?" இது அவன்.

"வேண்டாம், அடுத்ததைக் காட்டுங்க." இது அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இப்பத் தெரிய வேண்டாம்."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது வரவழைத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்தது. பாதி பசை, மீதி நான். கதவில் சாய்ந்த பாரத்தில் தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. ஹாலுக்குள் போய் விழுந்தேன்.

உமாசங்கர் பதறி எழுந்தான். "அண்ணாச்சி, அழுறீங்களா?"

இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள். ஒன்றைச் சொன்னால் கார்ப்பெட் போகும். மற்றதைச் சொன்னால் என் மானம் போகும்.

"பசை" என்றேன். "பசையேதான். தாங்க முடியல."

மாளவிகா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இத மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்றாள். குரலில் உண்மையான பரிவு இருந்தது. அதனால் நான் எதையும் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் கார்ப்பெட்டை உரித்தார்கள். பசை தரையை விட்டு வரவில்லை. சுரண்டிய இடமெல்லாம் மொசைக்கும் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கே தோன்றிய யோசனை போல, பெருமூச்சோடு சொன்னேன்: "டைல்ஸ்தான் போடணும்."

"உங்க இஷ்டம்" என்றாள். "மேஸ்திரி சத்தியநேசன் நாளைக்குக் காலம்பற வாராரு."

"அவ்வளவு சீக்கிரம் எப்பிடிக் கெடச்சாரு?"

"நேத்தே போன் பண்ணியாச்சு. கலரும் தம்பி போன்ல பாத்து எடுத்தாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருப்பேன்" என்றாள் மாளவிகா. "நீங்கதான் சுத்தமான காத்துல சுகமாத் தூங்கிட்டு இருந்தீங்களே."