‘டேக்’ என்ற சொல்லும் எங்கள் வீட்டுக் குளியலறையும்

மதிப்பிற்குரிய ஆங்கில–தமிழ் அகராதி ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற குழாய் ஃபிட்டர் பணிவோடு எழுதிக்கொள்வது. தங்கள் அகராதி மூலை மடங்காமல் நலமாக வந்து சேர்ந்தது. என் மனம்தான் நலமில்லை.

முறையீடு ‘டேக்’ பற்றியது. பள்ளிக்கூடத்தில் டேக் என்றால் எடு என்று ஒரே அர்த்தம்தான் சொல்லி அடித்தார்கள். தாங்களோ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். குளிக்கவும் டேக், மாத்திரை விழுங்கவும் டேக், பஸ் ஏற, லீவு போட, நாற்காலியில் உட்கார, எல்லாவற்றுக்கும் அதேதான். எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனரைப் போடுகிறவனை எங்கள் தொழிலில் பக்கத்தில் சேர்க்க மாட்டோம். நட்டின் முனை மழுங்கிப்போகும்.

வயசான காலத்தில் இவனுக்கு ஏன் இந்த வேலை என்பீர்கள். என் மருமகள் வேறு பாஷைக்காரப் பெண். நடுவில் இருப்பது இங்கிலீஷ்தான். அவளுக்குக் கொட்டும், எனக்குச் சொட்டும். என்னை ‘அங்கிள்’ என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். போன மாதம் அவளுடைய அப்பா தவறிவிட்டார். போய்விட்டு வந்தவள் மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கண்ணில் ஒரு துளி இல்லை. அவ தைரியசாலி, எதையும் கிளற வேண்டாம் என்று மகன் சொன்னான். படித்த பிள்ளை சொன்னால் சரியாயிருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஐயா, தினமும் காலையில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். குளிக்கிற தண்ணீர் விட்டுவிட்டு விழும், உடம்பில் பட்டுச் சிதறும். இது ஒரே தாரையாகத் தரையில் விழுந்து ஓடுகிறது. ஆயுசு முழுக்கக் குழாயோடு குடித்தனம் பண்ணினவனுக்கு இது கேட்காதா? அழுகிற சத்தம் வெளியே வரக்கூடாதென்று திறந்துவைத்திருக்கிறாள். உள்ளே ஒரு பெண் தனியா அழுறா, வெளியே நான் பல்லைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்குச் சோறு இறங்கல.

அதற்காகத்தான் தங்கள் அகராதியை வாங்கி, அந்த இரண்டு பக்கத்தையும் ஆறுதல் தேடிச் சலித்தேன். ‘டேக் இட் ஈஸி’ என்று ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டரிடம் கேட்டால், அது பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குச் சொல்வது, அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் சொல்லிவைக்காதீர்கள் என்றார். ‘டேக் ஹார்ட்’ என்றால் தைரியம் கொள் என்று அர்த்தமாம். இதயத்தை எடு என்று படித்த எனக்கு டாக்டர் கத்தியோடு நிற்பதுதான் கண்ணில் வந்தது. ஏதோ நாலைந்தைப் பொறுக்கி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

நேற்றுக் காலை மகன் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று தோளில் துண்டோடு கதவைத் தட்டித் தீர்த்தான். உள்ளே அதே தாரை. அவனை ஒதுக்கிவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். படித்ததெல்லாம் குழாயில் குப்பை மாதிரி அடைத்துக்கொண்டது. ஒன்றுதான் வெளியே வந்தது.

“டேக் யுவர் டைம்மா,” என்றேன்.

குழாய் நின்றது. அப்புறம் அவள் அழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மகன் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் அழுதேன்.

ஒரு ஆறுதல் சொல்ல மனுஷன் இத்தனை அலைய வேண்டுமா? ஆகையால் அடுத்த பதிப்பில் ‘எடு’ என்பதையும், நான் கதவோரம் சொன்னதையும் மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அத்தனையையும் நீக்கிவிட வேண்டுகிறேன்.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமலும், வீட்டுக் குழாய்கள் ஒழுகாமலும் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குழாய் ஃபிட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே கேட்டதைத் தயவுசெய்து மறந்துவிடவும். கடிதத்தை ஒட்டப்போகும்போது மருமகள் வந்து, நேற்றுச் சொன்னதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். ‘மெதுவா வாம்மா’ என்றேன். ‘வா’ என்றால் என்ன என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். மழை வரும், தூக்கம் வரும், கோபம் வரும், எனக்கு இங்கிலீஷ் வராது, அழுகை வந்தால் அடக்கக்கூடாது... காபி ஆறிப்போயிற்று, நான் பாதிகூடத் தாண்டவில்லை. அவள் சிரித்துவிட்டாள். டேக்கை யாரும் தொட வேண்டாம் ஐயா, இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “போயிட்டு வரேன்ப்பா,” என்றாள். ‘போயிட்டு வரேன்’ நான் சொல்லிக்கொடுத்தது. அந்த ‘அப்பா’வை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.