ஒவ்வொரு எட்டிலும் பாலாவி

கபுறுக்குள் மறுபடியும் தண்ணீர் ஊறிவிட்டதென்று குழி வெட்டுகிற ஃபைஸல் வந்து சொன்னான்.

"முழங்கால் மட்டுக்கு நிக்குது, காக்கா. இன்னும் சுணங்கினா மையத்தை அடக்க ஏலா. மிதக்க விடத்தான் ஏலும்."

ஸலாஹுதீன் அவனை வாளியோடு திருப்பி அனுப்பினார். கற்பிட்டி மண்ணில் மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினால் கடல் சுகம் விசாரிக்க வந்துவிடும்.

வீட்டில் மவுத்தாகிக் கிடந்தவர் அவருடைய உடன்பிறந்த மூத்த காக்கா ஜுனைதீன். தன் ஜனாஸாத் தொழுகையை ஒரே மகன் ஸியாத்தான் நடத்த வேண்டும் என்பது அவர் கடைசி விருப்பமாகச் சொல்லிவைத்த வசிய்யத்து. புத்தளத்தில் ஏதோ கந்தோரில் வேலை பார்க்கும் ஸியாத், பதினொரு மணிக்கு "இந்தா வெளிக்கிடுறேன்" என்றான். பிறகு அவனுடைய ஃபோன் வேலை செய்யவில்லை. இப்போது மணி இரண்டு.

"பாதையில என்ன கரச்சலோ. காக்காட ரேடியோவைப் போடுங்க" என்றார் ஸலாஹுதீன்.

"வீதி நிலவரமும் வானிலையும் ஒவ்வொரு எட்டிலும்!" என்றது ரேடியோ.

"எட்டு மணிக்கா? அது மட்டும் மையத்தை வச்சிருக்க ஏலுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி அலீமா சொன்னாள்: "எட்டு மணி இல்ல, தம்பி. மணிக்கு ஆறு தரம். எட்டாவது நிமிசம், பதினெட்டு, இருபத்தெட்டு... அம்பத்தெட்டு மட்டும். அவரு ஒண்டையும் விடமாட்டாரு. பாட்டு வந்தா மட்டும் ஹராமெண்டு மூடிருவாரு."

நான்கு வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத மனிதர். வள்ளத்தை விற்று ஐந்து வருடம். கிறுக்கு என்று ஊர் எப்போதோ முடிவு கட்டியிருந்தது.

இரண்டு பதினெட்டு. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் பாலாவிச் சந்தியில் தடையில்லை என்றது ரேடியோ.

"வந்துருவான். சந்தூக்கைத் தூக்குங்க!"

மையத்துப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

இரண்டு இருபத்தெட்டு. கற்பிட்டியில் கடும் மழை என்றது. மழை அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்ததுபோல வந்தது. சந்தூக்கு உள்ளே போனது. கபுறுக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு கட்டச் சொன்னார் ஸலாஹுதீன். படங்கு ஊரிலுள்ள மழையையெல்லாம் நடுவில் சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் குழிக்குள் ஊற்றியது.

இரண்டு முப்பத்தெட்டு. பாலாவியில் உப்பு லொறி குடைசாய்ந்து பாதை அடைபட்டதாம்.

"பஸ்ஸுல மாட்டிக்கிட்டான்! லெப்பை, உங்கட மோட்டார் சைக்கிள்ல போய் ஏத்திட்டு வாங்க."

பள்ளிவாசல் லெப்பை போனார். மகன் இல்லாமல் இருந்த ஜனாஸா, இப்போது லெப்பையும் இல்லாமல் இருந்தது.

மூன்று மணிக்குப் பிறகும் எட்டுக்கு எட்டு அதே செய்தி. அறிவிப்பாளனின் தொண்டை வர வரக் கம்மிக்கொண்டு போனது.

"தடிமன்காரனையா கதைக்க விடுறானுகள்?" என்றார் ஸலாஹுதீன். "இவன்ட மூக்கை உறிஞ்சுற சத்தத்துல லொறிட கதையே விளங்குதில்ல."

மூன்று நாற்பத்தெட்டுக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு வேறொருவன் பேசினான். பாதை திறந்தாயிற்றாம்.

ஐந்து மணிக்கு, பாலாவிச் சந்தியில் ஏறி லெப்பையின் பின்னால் உட்கார்ந்து, நனைந்த கோழியைப்போல ஸியாத் வந்து இறங்கினான்.

"எங்கடா நிண்ட? பஸ்ஸுலயா?"

"புத்தளத்துலதான், சாச்சா. எனக்குப் பதிலா வாறவரு ரெண்டு மணிக்கு மேலதான் வெளிக்கிட்டாரு, பாலாவியில மாட்டிக்கிட்டாரு. நான் எழும்பினா எட்டுக்கு ஆளில்ல. உள்ள ஃபோனும் ஏலா."

"எந்த எட்டுக்கு?"

ஸியாத் ரேடியோவைப் பார்த்தான். ஸலாஹுதீனும் பார்த்தார். தடிமன் யாருக்கென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"கந்தோர் வேலையெண்டு பொய்தான் சொன்னேன், சாச்சா. பாட்டுப் போடுற இடத்துல வேலையெண்டா வாப்பா வாசல்ல ஏத்தமாட்டாரு. கடைசி மட்டும் அவருக்குத் தெரியாமலே..." அவன் மூக்கை உறிஞ்சினான்.

குழியில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டதாக ஃபைஸல் வந்து சொன்னான்.

திரைக்குப் பின்னாலிருந்து அலீமாவின் குரல் வந்தது.

"அழாம போய்த் தொழுகையை வை, மகன். நாலு வருசமா கட்டில்ல கிடந்த மனிசனுக்குப் பாலாவிப் பாதை எதுக்குடா?"