உப்புச் சர்க்கரையன்று நான் வாயைப் பொத்திக்கொண்ட காரணம்

சாயிபாபா காலனி,
கோயமுத்தூர்.

பெருமதிப்பிற்குரிய லட்சுமணசாமி அவர்களுக்கு நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதுவது. முறைப்படி சம்பந்தி என்றுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இங்கே என் வயிற்றைத் தவிர எல்லோரும் நலம். பொள்ளாச்சியில் தாங்களும் வீட்டாரும் தென்னந்தோப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசலாம் என்றால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு நாக்குக் குழறியிருக்கும். ஆகவே கடிதம்.

என் பேத்தி நந்திதாவுக்கும் தங்கள் பேரன் சுரேந்தருக்கும் உப்புச் சர்க்கரை மாற்றிய அன்று, தாங்கள் சிரித்த முகமாக நீட்டிய சர்க்கரையை வாங்காமல் நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவர் கையால் ஒருவர் சர்க்கரை வாங்கித் தின்றால்தான் நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடிந்ததாக அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. தாங்கள் முகம் வெளுத்துக் கையைக் கீழே இறக்கியதும், முகூர்த்த நாள் குறிக்க வருகிறோம் என்று சொன்னவர்கள் இன்றுவரை வராததும் எல்லாம் அதனால்தான் என்பதும் தெரிகிறது. அது கர்வத்தால் செய்ததல்ல என்று சொல்லத்தான் என் குடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

பஞ்சாலை ஆய்வுக்கூடத்தில் நூலின் வலுவைச் சோதித்துக் காலம் தள்ளியவன் நான். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டேன், இரண்டாம் தடவை பார்த்த பிறகு முதல் தடவை பார்த்ததன்மேல் சந்தேகம் வரும். இப்படிப்பட்டவனுக்குச் சாப்பிட்டதும் வயிறு மத்தளமாக உப்ப ஆரம்பித்தது. என் மருமகள் லோகப்பிரியா கைபேசியில் தேடிப் பார்த்து, "மாமா, இது குடல்ல ஈஸ்ட் பெருகிப்போச்சுங்க" என்றாள். ஈஸ்ட் என்றால் ரொட்டியை உப்ப வைக்கும் அதே பூஞ்சை வகை. வயிற்று டாக்டரோ, "அது எல்லார் குடல்லயும் கொஞ்சம் இருக்கும், உங்களுக்கு அதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். உறுதியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சந்தேகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் லோகப்பிரியா என்னை ஹாரிகா என்ற உணவு ஆலோசகரிடம் சேர்த்துவிட்டாள். சின்னப் பெண், வீடியோவில் பேசும், குரல் அவ்வளவு மென்மை, ஆனால் வாயைத் திறந்தால் "கூடாதுங்க அங்கிள்"தான். சர்க்கரை கூடாது, வெல்லம் கூடாது, மைதா கூடாது, பழம் கூடாது, ஈஸ்ட் இனிப்பைத் தின்றுதான் வளருமாம், அதைப் பட்டினி போட்டால் அடங்குமாம். சரி என்றேன். புளித்த மாவும் கூடாது என்றதும் எங்கள் வீட்டில் கலவரம். என் மனைவி ராசாத்தாள் கரண்டியும் கையுமாக வந்து, "ஏனுங்க, இத்தனை வருசம் நான் ஊத்துன இட்டிலியில வராத நோவு இப்ப வந்துபோச்சாக்கும்? அந்தப் புள்ளைய ஊட்டுக்கு வரச் சொல்லுங்க, ஒரு வாய் தின்னுபோட்டுச் சொல்லட்டும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் கீரையும் முட்டையும், அவளுக்கு இட்டிலியும் எகத்தாளமும்.

மாத்திரைகள் வேறு. நல்ல கிருமியை உள்ளே அனுப்ப ஒன்று, கெட்டதைத் துரத்த, பீட்சாவில் தூவும் ஓரிகானோ இலையின் எண்ணெயில் ஒன்று. அதைப் போட்டுவிட்டு ஏப்பம் விட்டால், "மாமா, பீட்சா ஏதாச்சும் வாங்குனீங்களா?" என்று மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். இன்னொன்று கடல் கடந்து வந்த விலையுயர்ந்த மாத்திரை, எதில் செய்தது என்று சீட்டைப் படித்தால், தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்த அமிலமாம். தென்னந்தோப்புக்குச் சம்பந்தம் பேசிவிட்டு நான் வெளிநாட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கித் தின்கிறேன், என்னத்தைச் சொல்றதுங்க. முதலிரண்டு வாரம் தலைவலி, சோர்வு, எரிச்சல். கேட்டால், "ஈஸ்ட் சாகுதுங்க அங்கிள், அப்படித்தான் இருக்கும்" என்கிறது அந்தப் பெண். உள்ளே செத்தது அதுவா நானா என்று எனக்கே புரியவில்லை.

இதற்கெல்லாம் மேலே, எப்போது பேசினாலும் ஹாரிகா ஒரு பொள்ளாச்சிக்காரரை எனக்கு முன்மாதிரி காட்டும். "உங்க வயசுதாங்க அங்கிள் அவருக்கும், ஒரு நாள்கூடத் தப்புனதில்ல, ஒரு கல்கண்டு தொட்டதில்ல. நீங்களும் இருக்கீங்களே!" முகம் தெரியாத அந்த மனுசனை நான் மனசுக்குள் எவ்வளவு வைதிருப்பேன் தெரியுங்களா! அவருக்குப் பயந்துதான் ஒருநாள் சர்க்கரை போட்டுவிட்ட டீயைக்கூடக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

இந்த நிலைமையில் வந்ததுங்க உப்புச் சர்க்கரை. முதலில் நான் உங்களுக்குக் கொடுத்தேன். தாங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டீர்கள், அதுதான் பெருந்தன்மை. அப்புறம் வாசல் வாழைமரத்துப் பக்கம் ஒதுங்கினீர்கள். வெற்றிலை எச்சில் துப்பப் போகிறீர்கள் என்று மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பி வந்து நீங்கள் எனக்கு நீட்டினபோது, இத்தனை நாள் பட்டினியெல்லாம் வீணாகிவிடுமே, அந்தப் பொள்ளாச்சிக்காரர் சிரிப்பாரே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கை தானாகத் துண்டைத் தூக்கிக்கொண்டது. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க தட்டைக் கீழ வெச்சுட்டீங்க.

நந்திதா என்னோடு பேசுவதில்லை. பேசியது ஒரே தடவை: "ஏனுங்க அப்பாரு, உங்க வயித்துல இருக்கற பூஞ்சைக்கு என் கல்யாணத்தையே படையல் போட்டுட்டீங்களே!" சிரிப்பதற்காகச் சொன்னதல்ல, கண்ணில் தண்ணீர் நின்றது. சுரேந்தரும் அங்கே பெரியவர்களுக்குப் பயந்து வாயைத் திறப்பதில்லையாம். இரண்டு பிள்ளைகளும் ஒருத்தருக்கொருத்தர் பிடித்துப்போய் நிற்கிறார்கள், நடுவில் என் குடல் நிற்கிறது.

ஆகையால் தாங்கள் எப்படிச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன். என் சார்பில் என் மகன் சரவணன் இரண்டு கை சர்க்கரை தின்பான், அவனுக்கு எதுவும் ஆகாது. அது முறையில்லை என்றால் நானே வருகிறேன். எத்தனை கரண்டியானாலும் தங்கள் கையால் வாங்கித் தின்றுபோட்டு, உள்ளே இருக்கிறவர்கள் தலையெடுத்தால் எடுக்கட்டும் என்று கிடக்கிறேன். பேத்தி முகத்தைவிட வயிறு பெரிசில்லைங்க.

தங்கள் துணைவியார் மாரியாத்தாள் அவர்களுக்கு என் வணக்கம். சுரேந்தருக்கு ஆசிகள். சின்னஞ்சிறுசுகள் மனசுபோல எல்லாம் கூடிவரட்டும்.

தங்கள் அன்பும் மன்னிப்பும் வேண்டும்,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் துணைவியார் ராசாத்தாளைப் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அம்மணி, எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு வயித்துல என்னமோ ஈஸ்ட்டாமுங்க. கோயமுத்தூர்ல ஹாரிகான்னு ஒரு புள்ள போன்ல சொல்றதைக் கேட்டுக்கிட்டுச் சக்கரையே தொடறதில்ல. அன்னைக்கு வாயில போட்டதை வாழைமரத்தடியில துப்பிப்போட்டாரு. உங்க ஊட்டுக்காரரு அதைப் பாத்துப்போட்டுத்தான் மூஞ்சியத் திருப்பிட்டாரு, வாங்க மாட்டேன்னுட்டாருன்னு, வெக்கத்துல தோப்பைத் தாண்டி வெளிய வரமாட்டேங்கறாருங்க." சம்பந்தி (இனி உரிமையோடு எழுதுகிறேன்), மேலே எழுதியிருப்பதில் வணக்கத்தையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். அந்தப் பொள்ளாச்சிக்காரரை வைததையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம். ஆளுக்கொரு சிட்டிகை, ஒருவர் கண்முன்னால் ஒருவர், விழுங்கிக் காட்டிவிட்டு நாளைக் குறித்துவிடுவோம். ஹாரிகாவுக்குப் பத்திரிகை வைக்க மட்டும் தாங்களும் கூட வர வேண்டும், தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.