வைத்தியர் உட்கார்ந்துவிட்டார்

மனித குலத்தின் நன்மைக்காக இதுவரை எத்தனையோ மாநாடுகள் கூடிக் கலைந்திருக்கின்றன. அவற்றில் எதுவும் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஏசி சொட்டுகிற அறையில் கூடிய மாநாட்டின் கால்தூசிக்கு ஈடாகாது என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தன்னடக்கம் ஏனென்றால், அதன் தீர்மானத்தை எழுதியவன் நான்.

நாங்கள் இணையத்தில் ஒரு விளையாட்டு நடத்துகிறோம். ஊர் ஊராக இருக்கிற ஜனங்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆறு பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, குகைக்குள் புகுந்து பூதத்தைக் கொல்ல வேண்டும். சேரும்போதே தன் 'வகுப்பு' எது என்று சொல்லிவிட வேண்டும்: வாள்வீரர், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர். முதல் மூன்று வகுப்பாரும் பூதத்தை அடிப்பார்கள். வைத்தியர் பின்னால் நின்று அடிபட்டவர்களுக்கு உயிர் ஊட்டிக்கொண்டே இருப்பார். பூதம் செத்ததும் மற்றவர்கள் குதித்துக் கொண்டாடுவார்கள். வைத்தியர் அப்போதும் யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வகுப்புகளைச் செதுக்குவதற்கென்றே 'வகுப்பு மற்றும் தொழில் சீரமைப்பு உயர்நிலைக் குழு' என்று ஒன்று உண்டு. வகுப்பைப் பற்றி நாள் முழுக்க வாதம் செய்வதால் மற்ற துறையினர் எங்களை 'வகுப்புவாதிகள்' என்று அழைத்தார்கள். பாராட்டு எந்த ரூபத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்வது எங்கள் பண்பு.

குழுவில் இரண்டு கட்சிகள். ஒன்றுக்குத் தலைவர் 'பெரியவர்'. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே நாற்காலியில் ஒரே வேலையைச் செய்துவருபவர். எடுத்த வகுப்பை எவனும் மாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. மற்றதற்குத் தலைவர் 'மாப்பிள்ளை'. அது செல்லப்பெயர் அல்ல, பதவி. முதலாளியின் மகளைக் கட்டியவர். கணக்குத் துறை, விளம்பரத் துறை, ஆள்சேர்ப்புத் துறை எல்லாவற்றிலும் ஒரு கை பார்த்துவிட்டு, அவை தாங்காது என்று தெரிந்ததும் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். யாரும் எப்போது வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம் என்பது அவர் கொள்கை. அவர் வாழ்க்கையே அதற்குச் சான்று.

"வகுப்புங்கிறது நீ யாருங்கிறது. தொழிலுங்கிறது நீ என்ன செய்யறேங்கிறது," என்று பெரியவர் ஒருநாள் எனக்கு விளக்கினார்.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா சார்?"

"அது பாக்கியம்."

"சம்பந்தமே இல்லாம இருந்தா?"

"அதுக்குப் பேருதான் மாப்..." என்று தொடங்கியவர், கதவு திறக்கும் சத்தம் கேட்டு நீளமாக இருமினார்.

விளையாட்டுக்கு வந்த ஆபத்து இதுதான். வைத்தியர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வைத்தியர் இல்லாமல் குகைக் கதவு திறக்காது. அப்போதைய விதிப்படி வகுப்பை மாற்ற விரும்புகிறவர் ஒரு மலை மேல் ஏறி, அங்கே தவமிருக்கும் முனிவரிடம் போய்க் கேட்க வேண்டும். முனிவர் முன்னால் நின்ற வரிசை முழுக்க வைத்தியர்கள். வைத்தியராக மாற வேண்டும் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. குகை வாசல்களில் ஆயிரக்கணக்கான வாள்வீரர்கள் பளபளக்கிற வாளோடு, பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பதுபோல நின்றார்கள்.

"மலைப்பாதையை மூடுங்க," என்றார் பெரியவர்.

"மலையையே இடிங்க. நின்ன இடத்துலயே மாறிக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை.

மூடுவதா, இடிப்பதா என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது. பிஸ்கட்டுகள் தீர்ந்தன. பிரச்சினை தீரவில்லை.

இந்த இடத்தில் என் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். என் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைக் கவனித்துவந்தாள். விடுப்பை அவளாக எடுத்தாளா என்று நீங்கள் கேட்கக் கூடாது. இதற்காக வீட்டிலும் முறைப்படி ஒரு கூட்டம் நடந்தது. நானும் அடுத்த தெருவிலிருக்கும் தம்பியும் கலந்துகொண்டோம்.

"அண்ணிக்கு இருக்கிற பொறுமை நமக்கெல்லாம் வராதுண்ணா," என்றான் தம்பி. "அது பிறவிக் குணம்."

"நானே சொல்ல வந்தேன்," என்றேன்.

மனைவி அப்போது உள்ளே அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்ததால் கூட்டத்துக்கு வர இயலவில்லை. எதிர்ப்பு இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சாயங்காலம் அப்பா கண்ணயர்ந்ததும் நாங்கள் அவரவர் வீட்டிலிருந்து, போனில் பேசிக்கொண்டே விளையாடுவோம். நான், தம்பி, அவனுடைய நண்பர்கள் மூவர், என் மனைவி. நாங்கள் ஐந்து பேரும் வாள்வீரர்கள். அவளுக்கு வைத்தியர் வகுப்பை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். "பின்னாடி நின்னா போதும், உனக்கு சுலபம்," என்று சொன்னதாக நினைவு.

ஒருநாள் அவள் சொன்னாள்: "என்னங்க, நான் வாள்வீரரா மாறலாம்னு இருக்கேன்."

"ஏன், இதுக்கு என்ன?"

"பகல் பூரா செய்யறதையே சாயங்காலமும் செய்யணுமா? ஒரு தடவையாவது நானும் எதையாவது வெட்டணும்."

தம்பி போனிலேயே பதறினான். "அண்ணி, அப்ப எங்களுக்கு யாரு உயிர் கொடுக்கிறது?"

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள்.

சாதாரணக் கணவனாக இருந்தால் இதைப் பேச்சோடு பேச்சாக விட்டிருப்பான். நான் பொறுப்புள்ள அதிகாரி. நாட்டையே உலுக்குகிற நெருக்கடி என் வீட்டு நடுக்கூடத்துக்கே வந்துவிட்டதை உணர்ந்தேன். மறுநாள் குழுவில் எழுந்து என் வரலாற்றுச் சிறப்புமிக்க சமரசத் திட்டத்தை முன்வைத்தேன்.

"வாள்வீரர், வில்லாளி, மந்திரவாதி மூணு பேரும் நின்ன இடத்துலயே மாறிக்கலாம். வைத்தியர் மட்டும் மாற முடியாது."

மாப்பிள்ளை நெற்றியைச் சுருக்கினார். "அது தடை மாதிரி இருக்காதா?"

"தடைன்னு சொன்னாத்தானே சார்? கௌரவம்னு சொல்லுவோம். வைத்தியர் எல்லாருக்கும் 'தியாகச் சுடர்'னு பட்டம். தலைக்குப் பின்னாடி ஒரு ஒளிவட்டம். நடந்தா இசை. எல்லாருக்கும் சுதந்திரம், வைத்தியருக்கு மரியாதை!"

இரண்டு கட்சிகளும் வரலாற்றில் முதல் முறையாக ஒரே நேரத்தில் தலையாட்டின. பெரியவரின் கண் கலங்கியது. பூட்டும் கிடைத்தது, பூட்டு என்ற பெயரும் இல்லை.

எங்கள் குழுவில் ஒரே ஒரு பெண் உண்டு. விளையாட்டுக்கு ஓசைகள் அமைப்பவர். அதிகம் பேசாததால் 'சத்தம் மேடம்' என்று பெயர். அவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: "நடந்தா இசைன்னீங்களே, புல்லாங்குழல் வைக்கவா, சங்கிலி வைக்கவா?"

அவருடைய நகைச்சுவையை அனைவரும் ரசித்தோம். புல்லாங்குழல் என்று முடிவாயிற்று.

புதிய விதி அமலுக்கு வந்த சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி திரை முன்னால் உட்கார்ந்து எதையோ அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரையில் பொன்னெழுத்துகள் மின்னின: 'தியாகச் சுடரே! தங்களுக்கு ஈடு இணை இல்லை. ஆகவே மாற்றம் இல்லை.'

"இதை யாருங்க எழுதினது?"

"நான்தான்," என்றேன் பெருமை பொங்க. "அந்த 'ஆகவே' வர்றதுக்கே எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை பின்னங்களைத் தலைகீழாகக் கூட்டிவைத்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு எங்களோடு குகைக்குள் வந்தாள். புல்லாங்குழல் இனிமையாக ஒலித்தது. பூதம் கர்ஜித்தது. ஐந்து வாள்வீரர்களும் வீராவேசமாகப் பாய்ந்தோம். அவளுடைய வைத்தியர் குகையின் நடுவே, ஒளிவட்டத்தோடு, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி! எந்திரிங்க அண்ணி!" என்று தம்பி அலறினான்.

"கால் வலிக்குது தம்பி."

"அண்ணி, எனக்கு உயிர் போகுது!"

"பொறுமையா இருங்க."

ஐவரும் செத்தோம். பூதம் கொஞ்ச நேரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. பிறகு, அதற்கும் என்ன தோன்றியதோ, ஓரமாகப் போய் நின்றுகொண்டது.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் மதியத்துக்குள் எல்லாக் குகைகளிலும் எல்லா வைத்தியர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அவசரக் கூட்டம் கூடியது.

"உட்கார்ற வசதியை எடுத்துடுங்க," என்று மாப்பிள்ளை உத்தரவிட்டார்.

எடுத்தோம். படுத்துக்கொண்டார்கள்.

"படுக்கிறதை எடுங்க!"

எடுத்தோம். சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"சுவரை எடுக்க முடியுமா?"

"குகைன்னாலே சுவர்தான் சார்," என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை மேசையைத் தட்டினார். "முதல்ல உட்கார்ந்தது யாருன்னு கண்டுபிடிங்க. அந்த ஆள் இனிமே விளையாட்டுக்குள்ளயே வரக் கூடாது."

நிறுவனத்தின் நலன் கருதி நான் மௌனம் காத்தேன். என் மடிக்கணினியின் திரையையும் மெல்லத் தாழ்த்திக்கொண்டேன்.

கடைசியில் சத்தம் மேடம்தான் சொன்னார், வைத்தியர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாமே என்று. இப்படி ஒரு புரட்சிகரமான வழிமுறை எங்கள் துறையில் அதுவரை கையாளப்பட்டதில்லை. கேட்டோம். பெரும்பாலும் ஒரே பதில்: 'பட்டம் வேண்டாம். கொஞ்ச நேரம் நீங்க செஞ்சு பாருங்க.'

சவாலை ஏற்றோம். குழுவினர் ஆறு பேராகக் குகைக்குள் போவது என்று தீர்மானமாயிற்று. யார் வைத்தியர் என்ற கேள்வி வந்தபோதுதான் ஒவ்வொருவருடைய தகுதியும் வெளிப்பட்டது. பெரியவருக்குக் கண் பார்வை மங்கல். மாப்பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம், அது படத்தில் வரைந்த ரத்தமாக இருந்தாலும். எனக்கு ஒட்டுமொத்தமாக மேற்பார்வையிடும் பொறுப்பு இருந்தது. இறுதியில் ஐந்து ஆண்களும் ஒரே திசையில், சத்தம் மேடத்தின் பக்கமாக, மிகுந்த மரியாதையுடன் திரும்பினோம்.

"எனக்கு வாள்," என்றார் அவர்.

வைத்தியர் இல்லாமல் குகைக் கதவு திறக்கவில்லை. நாங்கள் ஆறு பேரும் வாசலிலேயே நின்றோம். பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒருவர், "சார், நீங்களும் ஆள் தேடறீங்களா?" என்று கேட்டார்.

வேறு வழி இல்லாமல் வைத்தியர் என்ற வகுப்பையே எடுத்துவிட்டோம். எல்லா வகுப்பாருக்கும் ஆளுக்கொரு மருந்துப் பை கொடுத்தோம். பக்கத்தில் ஒருவன் விழுந்தால், அருகில் இருக்கிறவன் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுப் போட வேண்டும். நிறுவனமே மூழ்கிவிடும் என்று பெரியவர் அஞ்சினார். ஆனால் கட்டுப் போடுவது யாருக்கும் பெரிய வித்தையாக இருக்கவில்லை. குகைக் கதவுகள் திறந்தன. பூதங்கள் முன்போலவே சாகத் தொடங்கின. இந்த மாபெரும் கண்டுபிடிப்புக்காக மாப்பிள்ளை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பொன்னாடையோடு வீட்டுக்குப் போனேன். மனைவி மேசையில் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போறேன். விடுப்பை முடிச்சுக்கிட்டேன்."

"அப்பா?"

"மதியம் வரைக்கும் நீங்க. சாயங்காலம் வரைக்கும் உங்க தம்பி. ராத்திரி நான் பார்த்துக்கறேன். தம்பிகிட்ட பேசிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்களை மாதிரியே முழிச்சாரு."

"எனக்கு இதெல்லாம் வராதும்மா..."

"வரும்," என்றாள், அட்டையின் மடிப்பை நகத்தால் நீவியபடி. "பூதத்தையே கொல்றீங்க."

மறுநாள் காலை அவள் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு களத்தில் இறங்கினேன். உயர்நிலைக் குழுவை நடத்திய அனுபவம் பெரிதும் உதவும் என்று நம்பினேன். வெந்நீரைத் தரையில் ஒரு முறையும் என் சட்டையில் ஒரு முறையும் கொட்டினேன். அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பும்போது அவர் வலியில் பல்லைக் கடித்தார், நானும் கடித்தேன். முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, மடிப்பில்லாமல் விரிப்பை இழுத்துவிட்டு, தலையணையை உயர்த்தி, கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினேன். மோவாயில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். என்னைவிடச் சிறப்பாக ஒரு மகன் இதைச் செய்திருக்க முடியாது என்று மனம் நிறைந்து, ஒரு பாராட்டுக்காக அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

அப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டச் சொல்லி நன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தானேடா இருக்கு," என்றார். "இத்தனை நாளா இதை எங்க வெச்சிருந்த?"