தொஸ்கானாவுக்கு இரண்டு பேர்

டெனிஷ் வகுப்பிலை அண்டைக்குத் தந்த வீட்டுப்பாடம் சின்ன விஷயம். விடுமுறைப் பயணம் ஒண்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வந்து, அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொல்லவேணும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. டென்மார்க்கிலை பிரெடெரிசியா. எனக்கு இருபத்தொன்பது வயசு, தலை நிறைய மயிர். இப்ப என்னைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டியள், பரவாயில்லை.

ரீச்சர் கிர்ஸ்தன் ஒரு தொப்பிக்குள்ளை துண்டுகளைப் போட்டு எடுக்கச் சொன்னா. ஈரான்காரனுக்கு நோர்வே. வியட்நாம்காரிக்குப் பரிஸ். எனக்கு வந்தது தொஸ்கானா.

"அது எங்கை?" எண்டு கேட்டன்.

"இத்தாலியிலை. மலை, பழைய ஊர்கள், பழைய தேவாலயங்கள், வைனுக்கு முந்திரிகைத் தோட்டம். எங்கடை டெனிஷ் ஆக்கள் எல்லாருக்கும் அங்கை போக ஆசை!"

ஆசைப்பட்டு ஒரு நாட்டுக்குப் போகலாம் எண்டதே எனக்குப் புதுசு. அதுவரைக்கும் நான் செய்த ஒரே வெளிநாட்டுப் பயணத்திலை பாதித் தூரம் லொறிக்குள்ளை படுத்துக்கிடந்தனான்.

பயண முகவர் கடைக்குப் போனன். அங்கையிருந்த பெண் கோப்பி தந்து, பளபளவெண்டு ஒரு படப் புத்தகமும் வரைபடமும் தந்தா.

"எத்தனை பேர்?"

யோசிக்காமல் "இரண்டு" எண்டு சொல்லிப்போட்டன்.

மற்றாள் என்ரை மனிசி வசந்தி. கலியாணம் முடிச்சு நாலு மாதத்திலை விட்டிட்டு வந்தனான். அவ கொழும்பிலை, வெள்ளவத்தையிலை சித்தப்பா வீட்டிலை இருந்துகொண்டு விசாவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வருஷங்களிலை எங்கடை மனிசிமாரின்ரை விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனிலை ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள்ளை நல்ல நித்திரை. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு அது பெரிய விவகாரமா வெடிச்சது வேற கதை.

வீட்டை வந்து சிவப்புப் பேனையாலை கோடு போட்டன். பிரெடெரிசியா, பிளென்ஸ்பேர்க், மியூனிக், அல்ப்ஸ், புளோரன்ஸ். எந்த எல்லையை எத்தனை மணிக்குக் கடக்கிறது எண்டும் எழுதினன். கிர்ஸ்தன் விவரமா வேணுமெண்டு சொன்னவ. மேலை பெரிசா "இரண்டு பேர், ஜூன்" எண்டு போட்டன்.

திரும்பி வாற வழி எழுத மறந்துபோனன். எங்கடை ஆக்களிலை ஆர் திரும்பி வாற வழியை யோசிச்சது!

எல்லாத்தையும் குசினியிலை சாப்பாட்டு மேசையிலை விட்டிட்டுப் படுத்தன். அங்கைதான் பிழைச்சது. என்னோடை அந்த வீட்டிலை இருந்தவர் குணம் அண்ணை. நல்ல மனுஷன். வாய்க்கு மட்டும் பூட்டில்லை.

அடுத்தநாள் பின்னேரம் அண்ணை கறியைக் கிளறிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எல்லை கடத்துற ஏஜென்சி ஆர் தம்பி?"

"என்ன ஏஜென்சி?"

"சரி, சொல்லாதை. நான் ஒண்டும் பார்க்கேல்லை."

"அண்ணை, அது வீட்டுப்பாடம்!"

"ஓமோம். நான் வரேக்கையும் எயார்ப்போட்டிலை மாணவன் எண்டுதான் சொன்னனான்."

"சும்மா போய்ப் பார்த்திட்டு வாறது அண்ணை. உல்லாசப் பயணம்!"

அண்ணை அகப்பையைக் கீழை வைச்சார். "இத்தாலிக்கு ஆரடா சும்மா போறது?"

சனிக்கிழமை காலமை கதவு தட்டுப்பட்டுது. இஞ்சையிருக்கிற எங்கடை ஆள், மன்னார் மரியதாஸ் மாஸ்ரர்.

"தம்பி, அந்தப் பக்கம் போனால் ரோமிலை ஒரு செபமாலை. பாப்பரசர் மந்திரிச்சதா இருந்தால் நல்லது. அவசரமில்லை."

"மாஸ்ரர், நான் போகேல்லை."

"நல்லது, நல்லது. அப்பிடித்தான் சொல்லவேணும்."

அவர் படியிறங்க இன்னொரு எங்கடை பெடியன், யோகன், ஏறினான். கையிலை பை! பைக்குள்ளை பல்லுத்தீட்டுற பிறஷ்கூட இருந்தது.

"அண்ணை, இரண்டு பேர் எண்டு கேள்விப்பட்டன். மற்ற இடம் எனக்குத்தானே? அங்கையிருந்து கனடாவுக்கு லேசாம்."

இல்லையெண்டு சத்தியம் பண்ணினன். அவன் வரைபடத்தை விரிச்சுப் பார்த்திட்டு, "மியூனிக் வேண்டாம் அண்ணை, அங்கை செக்கிங் கூட" எண்டான். நானும் மரியாதைக்கு அதைக் குறிச்சுக்கொண்டன். விசர்தான், வேறென்ன!

கொழும்புக்குக் கடிதம் போக மூண்டு கிழமை எடுக்கிற காலம். இந்தக் கதை நாலு நாளிலை போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை சித்தப்பா ரெலிபோனிலை வந்தார்.

"தம்பி, நீர் இத்தாலிக்கு மாறுறீராம். இவள் அழுதுகொண்டு உடுப்பு அடுக்கிறாள். இனி டென்மார்க் விசா எதுக்கு எண்டு நாளைக்கு யாழ்ப்பாணம் போறாளாம். நான் சொன்னால் கேட்கிறாளில்லை."

லைன் அறுந்துது.

அவ ஊருக்குத் திரும்பினால், சண்டையிலை பாதை எப்ப பூட்டும் எப்ப திறக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. விசாவுக்குக் கூப்பிடுற நாளிலை ஆள் கொழும்பிலை இல்லையெண்டால் எல்லாம் முடிஞ்சுது. எங்கடை வீட்டு ரெலிபோனிலை வெளிநாட்டுக்கு எடுக்கவும் ஏலாது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினன்.

அரைகுறை டெனிஷிலை நான் சொன்னதைக் கேட்டுக் கிர்ஸ்தனுக்கு முகம் வெளுத்துப்போச்சு. "என்ரை வீட்டுப்பாடத்தாலையோ?" எண்டு என்னைப் பள்ளிக்கூடக் கந்தோருக்குள்ளை இழுத்துக்கொண்டு போய் நம்பரைச் சுழட்டினா.

"வசந்தி!"

"எங்கையிருந்து எடுக்கிறியள்? இத்தாலியிலையிருந்தோ?"

"இல்லை, பள்ளிக்கூடத்திலையிருந்து!"

"இந்த வயசிலை பள்ளிக்கூடமோ?"

"இஞ்சரும், அது வீட்டுப்பாடம்..."

என்ரை குரல் போற போக்கைப் பார்த்த கிர்ஸ்தன் ரிசீவரைப் பறிச்சா. "இட் இஸ் ஒன்லி ஹோம்வேர்க்! ஹீ இஸ் எ வெரி குட் மேன்!" எண்டு கத்திப்போட்டு, காரியம் முடிஞ்சமாதிரிச் சிரிச்சுக்கொண்டு திருப்பித் தந்தா.

வசந்தியின்ரை குரல் மாறிச்சுது. எனக்கு அந்தக் குரல் விளங்கும்.

"ஆர் அந்தப் பொம்பிளை?"

"ரீச்சர்."

"இரண்டு பேர் எண்டு எழுதியிருக்கிறியளாம். மற்றாள் அவவோ?"

"நீர்தான்!"

ரிசீவரை இரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு திரும்பச் சொன்னன்.

"மற்றாள் நீர்தான் வசந்தி. வேற ஆரைக் கூட்டிக்கொண்டு போறது நான்?"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கிர்ஸ்தனுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனாலும் அவவும் அழுதா.

மற்றப் பக்கத்திலை மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுது.

"இஞ்சை விசாவைக் காணேல்லை. அதுக்குள்ளை உங்களுக்கு உல்லாசப் பயணம்."

"ஓம்."

"யன்னல் பக்கம் எனக்கு."

அடுக்கின உடுப்பைத் திரும்ப எடுத்து வைச்சா. வெள்ளிக்கிழமை நான் வகுப்பிலை பேசினன். நல்லாயிருக்கு எண்டு கைதட்டின கிர்ஸ்தன், திரும்பி வாற வழி இல்லையெண்டு ஒரு புள்ளி குறைச்சா. சித்தப்பா மட்டும் இன்னும் நம்பேல்லை எண்டு கேள்விப்பட்டு, சாட்சிக்கு அந்தப் படப் புத்தகத்தைக் கொழும்புக்குத் தபாலிலை அனுப்பினன். அவசரத்திலை உள்ளுக்கை ஒரு வரி எழுதி வைக்க மறந்துபோனன். வசந்தி அதை 'அவர் இருக்கிற ஊர்' எண்டு வெள்ளவத்தை முழுக்கக் காட்டினவவாம்.

விசா வர இன்னும் ஒண்டரை வருஷம் எடுத்துது. வந்து இறங்கினது பெப்ரவரியிலை. பிரெடெரிசியா ஸ்ரேஷன். மழையும் பனியும் கலந்து கொட்டுது, கடல் காத்து ஆளைத் தள்ளுது. குணம் அண்ணை ஒரு தடிச்ச ஜக்கெற்றை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

வசந்தி கைப்பைக்குள்ளையிருந்து அந்தப் படப் புத்தகத்தை எடுத்தா. படத்தைப் பார்த்தா. பிரெடெரிசியாவைப் பார்த்தா. திரும்பப் படத்தைப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, மலையெல்லாம் எங்கை?"

நல்லகாலம், திரும்பிப் போற வழியை அவவும் திட்டம் போட்டுக்கொண்டு வரேல்லை.