அசையாதே அண்ணனும் ஓர் அமாவாசை மேட்ச்சும்

குதித்துக் கும்மாளம் போடுவதற்கென்றே கடை திறந்துவிட்டு, உள்ளே வந்தவர்களையெல்லாம் ‘அசையாதே!’ என்று அதட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் வீடியோ கேம் சென்டர் நடத்தினார். அவர் பெயரே ‘அசையாதே அண்ணன்’ ஆகிவிட்டது.

அங்கே கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. டிவிக்கு மேலே ஒரு கேமரா, கீழே ஒரு கேம் பெட்டி. நாம் காற்றில் குத்து விட்டால் டிவியில் இருக்கிற குத்துச்சண்டைக்காரனும் குத்துவான். வேடிக்கை பார்க்கிறவன் தலையைச் சொறிந்தால் போச்சு!

“டேய், அசையாத! அது உன்னியும் சேத்துப் பாக்குது! உன் கைய கணக்கு பண்றதும் அதே பெட்டி, படம் ஓட்றதும் அதே பெட்டி. ஒரு மூள எத்தினி வேலதான் செய்யும்? பாவம்டா!”

சிரிப்போம். ஆனால் அது நிஜம். கூட்டம் சேர்ந்தால், நான் விட்ட குத்து எதிராளியிடம் மூக்கில் வாங்கிய பிறகுதான் டிவியில் கிளம்பும்.

இதைச் சொல்லித் திண்டிவனத்துப் பசங்கள் கிண்டலடித்தார்கள். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வாங்கடா மேட்ச்சுக்கு! நடுவுல ஒருவாட்டி படம் நின்னுச்சின்னா கடைய இழுத்து மூடிடறேன்!” செஞ்சி சார்பில் ஆட நான்.

தேதி குறித்தார் பாருங்கள், அமாவாசை! மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் பஸ் ஸ்டாண்டில் நிரம்பி வழிந்தது. கடைசி ரவுண்டுக்கு முன்னால் மழை கொட்ட, பாதிக் கூட்டம் மாடியேறிவிட்டது. படம் இழுக்க ஆரம்பித்தது. “அசையாதீங்க!” அண்ணன் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் சிலையானார்கள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடடா, அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கடைசி ரவுண்டுக்கான முரசு கேமில் அதிர்ந்தது. அவ்வளவுதான், மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது! கேமராவுக்கு நேரே, தலையை விரித்துப் போட்டு ஆட்டமான ஆட்டம். பெட்டிக்குள் ஃபேன் ஊளையிட்டது. படம் திணறியது. சாமியை நிறுத்தச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அண்ணன் சாமி படத்துக்கு ஏற்றும் கற்பூரத்தைத் திருநீற்றுத் தட்டில் கொளுத்திக்கொண்டு எதிரே போய் நின்றார். “தாயே! கொஞ்சம் ஓரமா ஆடும்மா! பெட்டிக்கு பிராசஸர் பத்தல!”

“இன்னாடா வேணும் உனக்கு? கேளு!” என்றது சாமி.

மேட்ச்சைக் கேட்பார், கடையைக் கேட்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பெட்டி ரொம்ப சூடாவுது தாயே. அத்த மட்டும் காப்பாத்து!”

சாமி ஒரு கணம் யோசித்தது. அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கதவோரம் நகர்ந்து போய் ஆடியது. படம் நிற்கவில்லை! நான் விட்ட குத்தில் டிவியில் திண்டிவனத்துக்காரனின் ஆள் மல்லாந்தான். மாடியே இடிகிற மாதிரி விசில்!

அண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டிமேல் கை வைத்துப் பார்த்து, “சூடு கொறஞ்சிடுச்சிடா” என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்த சந்தோஷத்தை மறந்துவிட்டு அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று எனக்கு அவரை.